ஒரு லிட்டர் தண்ணீருக்கு இடமில்லாத வண்டி!

கத்திரி வெயில் நாளில், மத்தியானம் ஒன்றரை மணிக்கு, ஏதாவது ஒரு பெரிய சிக்னலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். வண்டிகளை விட்டுவிடுங்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

ஒருவர் ஹேண்டில் பாரில் துணிப்பை மாட்டி, அதற்குள் பாட்டிலைப் போட்டிருப்பார். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது முன்னால் போய் மட்கார்டில் இடித்துவிட்டுத் திரும்பும். இன்னொருவரின் பேன்ட் பின்பாக்கெட்டிலிருந்து அரை லிட்டர் பாட்டிலின் கழுத்து எட்டிப் பார்க்கும். ஸ்கூட்டரில் வரும் அக்கா, கால் வைக்கும் இடத்தில் பாட்டிலைப் படுக்கவைத்து, இரண்டு செருப்புக்கும் நடுவே இடுக்கியபடி ஓட்டுவார். டெலிவரி வேலையில் இருக்கும் தம்பியின் முதுகுப் பெட்டிக்குள் யாருக்கோ போக வேண்டிய பிரியாணி பத்திரமாக இருக்கும். அவருடைய தண்ணீர், டேங்குக்கும் தொடைக்கும் நடுவில் செருகப்பட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் நழுவப் பார்த்துக்கொண்டிருக்கும். பச்சை விழுந்ததும் எல்லோரும் முதலில் தொட்டுப் பார்ப்பது பாட்டிலை. கியர் அப்புறம்தான்.

இந்த மாநிலத்தில் வெயில் ஒன்றும் திடீர் விருந்தாளி அல்ல. வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம் என்று 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களின் பட்டியல் ஒவ்வொரு மே மாதமும் பேப்பரில் வந்துவிடும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாகவே அறிவித்துவிட்டது. ஆனால், பகல் முழுக்க வெயிலிலேயே ஓடும் மோட்டார் சைக்கிளில் ஒரு பாட்டில் தண்ணீருக்கு என்று இடம் கிடையாது. காரின் கதவுக்குள் ஒரு பாட்டில் நிற்கும். புதிய ஸ்கூட்டர்கள் சிலவற்றில் முன்பலகையில் ஒரு குழியாவது வைக்கிறார்கள். கியர் வண்டிக்காரர் மட்டும் கடைக்குப் போய் ஒரு ஹோல்டர் வாங்கி, அவரே ஒரு இடம் கண்டுபிடித்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

நூறு இருநூறு ரூபாய் சமாசாரம் என்பதால் யாரும் யோசித்து வாங்குவதில்லை. போனில் படம் பார்த்து ஆர்டர் போடுகிறார்கள். வந்ததும் மாட்டுகிறார்கள். இரண்டாவது வாரம் பாட்டில் நடுரோட்டில் உருளும், அல்லது ஹோல்டரே கையோடு வந்துவிடும். பின்னால் வருகிற வண்டியின் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு லிட்டர் பாட்டில் உருண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே, இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

சைக்கிளுக்கு இருக்கும் இரண்டு துளை

இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துபோன ஒரு வாகனமும் உண்டு. அது சைக்கிள். கியர் சைக்கிள் வாங்கியவர்களுக்குத் தெரியும்: சட்டத்தின் சாய்வுக் குழாயில் இரண்டு துளைகள் இருக்கும். நடுவே 64 மில்லிமீட்டர் இடைவெளி, 5 மில்லிமீட்டர் திருகு. உலகத்தில் எந்தக் கம்பெனி சைக்கிளாக இருந்தாலும் பெரும்பாலும் இதே கணக்குதான். பாட்டிலுக்கும் அப்படி ஒரு அளவு உண்டு, ஏறக்குறைய 73 அல்லது 74 மில்லிமீட்டர் குறுக்களவு. அதனால் இத்தாலிக்காரன் செய்த கூண்டு லூதியானா சைக்கிளில் உட்காரும், அதில் யார் செய்த பாட்டிலும் நிற்கும்.

மோட்டார் சைக்கிளில் இப்படி ஒரு பொது அளவு ஏற்படவே இல்லை. துளையும் இல்லை, பாட்டிலுக்கு அளவும் இல்லை. கடையில் இருக்கும் ஹோல்டர்கள் எல்லாம் ஏதோ ஒரு குழாயைக் கவ்விக்கொள்ளும் கிளாம்ப் வகை. எந்தக் குழாய், எவ்வளவு தடிமன், எந்தப் பாட்டில் என்பதை வாங்குபவர்தான் அளந்துகொள்ள வேண்டும். அட்டையில் ‘யூனிவர்சல்’ என்று அச்சடித்திருப்பார்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்பது, எந்த வண்டியையும் மனதில் வைத்துச் செய்யவில்லை என்பதற்கு வியாபாரிகள் வைத்திருக்கும் மரியாதையான பெயர்.

முதலில் பாட்டில்

ஹோல்டர் வாங்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது பாட்டிலை. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தாகம் எடுத்தால் பெட்டிக்கடையில் வண்டியை ஓரங்கட்டி, ஒரு வாட்டர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் குடித்துவிட்டுப் போய்விடலாம். 2013 செப்டம்பரில் ‘அம்மா குடிநீர்’ வந்தபோது, பஸ் ஸ்டாண்டுகளில் பத்து ரூபாய்க்கு ஒரு லிட்டர் கிடைத்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை வந்தது. அந்தப் பட்டியலில் வாட்டர் பாக்கெட்டும் இருந்தது. வழியில் வாங்கி வழியிலேயே குடித்து முடிக்கிற பழக்கம் குறைந்து, வீட்டிலிருந்து பாட்டில் எடுத்துப் போவது கூடியதில் இதற்கும் பங்கு உண்டு. எடுத்துப் போகிற பாட்டிலை வைக்க வண்டியில் இடம் வேண்டும் அல்லவா?

மலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் கறார். நீலகிரி மாவட்டத்துக்குள் தண்ணீர், குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில்கள் கொண்டுபோகக் கூடாது. கல்லாறு, குஞ்சப்பனை, பர்லியாறு என்று சோதனைச் சாவடிகளில் பார்த்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். மேலே சாலையோரம் குடிநீர் ஏ.டி.எம்.கள் வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிலைப் பிடித்து நிரப்பிக்கொள்ளலாம். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் கையில் இருந்தால் 20 ரூபாய் பசுமை வரி. ஆக, ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ பைக்கில் போவது உங்கள் வழக்கம் என்றால், கடைப் பாட்டிலுக்கு ஏற்ற ஹோல்டரை வாங்கிப் பிரயோஜனம் இல்லை. எவர்சில்வர் பாட்டில்தான் துணை. அது வேறு அளவு, வேறு எடை.

எடை என்றதும் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. எவர்சில்வர் பாட்டிலின் சொந்த எடையையும் சேர்த்தால் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ வந்துவிடும். நிற்கிற வண்டியில் அது ஒன்றரைக் கிலோ. வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கும்போது, அந்த ஒரு நொடிக்கு, கிளாம்ப்பை அது பல மடங்காக இழுக்கும். பிளாஸ்டிக் ஹோல்டர் உடைவது எப்போதும் அந்த நொடியில்தான். முக்கால் லிட்டருக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம், நம் ஊரில் டீக்கடை இல்லாத சாலை ஏது?

பாட்டிலின் வாயையும் பார்க்க வேண்டும். உறிஞ்சிக் குடிக்கிற மூக்கு வெளியே தெரியும்படியான சிப்பர் பாட்டில் ஜிம்முக்கு சரி. லாரிக்குப் பின்னால் பத்து கிலோமீட்டர் போன பிறகு அந்த மூக்கை ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். மூக்கின் மேல் இன்னொரு மூடி இருக்க வேண்டும், அது மரையில் திருகி மூடுவதாக இருக்க வேண்டும். ‘டப்’ என்று அழுத்தி மூடும் ரகம் அதிர்வில் தானாகத் திறந்துகொள்ளும்.

உள்ளே என்ன ஊற்றுகிறோம் என்பதும் விஷயம்தான். மோர் கொண்டுபோகலாம், ஆனால் நிறைத்து ஊற்றக் கூடாது. வெயிலும் குலுக்கலும் சேர்ந்தால் புளிப்பேறும். பதநீர் இன்னும் வேகம். மூடிய பாட்டிலுக்குள் நொதித்து, திறந்ததும் சட்டை முழுக்கத் தெளிக்கும். சோடா, கோலா எல்லாம் வண்டியில் வைப்பதற்கான பானங்களே அல்ல. டீ, காபிக்கு இறுக மூடிய பிளாஸ்க்.

எங்கே மாட்டுவது?

இதுதான் முழு விஷயத்தின் மையம். நல்ல ஹோல்டரைத் தவறான இடத்தில் மாட்டுவதைவிட, சுமாரான ஹோல்டரைச் சரியான இடத்தில் மாட்டுவது மேல்.

எல்லோரும் முதலில் பார்ப்பது ஹேண்டில் பாரைத்தான். நம் ஊர் சாதா பைக்குகளில் பெரும்பாலும் அது 22 மில்லிமீட்டர் குழாய். ஹார்லி போன்ற குரூசர்களில் 25.4 இருக்கும். அட்வென்ச்சர் வகை வண்டிகள் சிலவற்றில் நடுப்பகுதி 28.6 மில்லிமீட்டர் தடித்து, கைப்பிடிக்கு வரும்போது 22 ஆக மெலியும். ஆர்15, ஆர்.சி. மாதிரி ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் முழு ஹேண்டில் பாரே கிடையாது. இரண்டு பக்கமும் துண்டு துண்டாக நிற்கும் கிளிப்-ஆன்தான். அதில் மாட்ட இடமே இருக்காது. ஸ்கூட்டரில் ஹேண்டிலைப் பிளாஸ்டிக் மூடி மறைத்துவிடுவதால், கண்ணாடித் தண்டில்தான் மாட்டுவார்கள். அந்தத் தண்டு ஒரு லிட்டர் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. ஒவ்வொரு குலுக்கலிலும் கண்ணாடி திரும்பிக்கொண்டு, பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பதில் வானத்தைக் காட்டும். அங்கே மாட்டுவதென்றால் அரை லிட்டர், அதற்கு மேல் கூடாது.

ஹேண்டிலில் இடப்பக்கமா, வலப்பக்கமா? இடப்பக்கம்தான். வலது கையில் ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன. சரிவில் நின்று தண்ணீர் எடுக்கும்போது வலது கை பிரேக்கை விடக் கூடாது. இடது கையால் எடுக்கிற பழக்கம் வந்துவிட வேண்டும். கூடவே, பாட்டில் எவ்வளவுக்கு எவ்வளவு நடுத்தண்டின் பக்கம் ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கைப்பிடி ஓரத்தில் ஒன்றரைக் கிலோ தொங்கினால், திருப்பும்போது ஹேண்டில் ஒரு பக்கம் இழுப்பதைக் கையே சொல்லும்.

ஆனால், நடுவே ஏற்கெனவே ஒரு குடித்தனம் இருக்கிறது: செல்போன். டெலிவரி வண்டிகளில் அதுதான் முதலாளி. அதிர்வு போனையும் விடுவதில்லை. சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. போனுக்கு நடு, பாட்டிலுக்கு அதன் இடப்புறம் என்று பாகம் பிரித்துக்கொள்வதுதான் வழி. ஸ்பீடோமீட்டரை மறைக்கக் கூடாது. இண்டிகேட்டர் விளக்கு தெரியாமல் போய், பத்து தெரு தள்ளியும் இடப்பக்கம் கண் சிமிட்டிக்கொண்டு போகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

சென்னையில் வண்டி சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போனால், கடை வாசலிலேயே மாட்டிக்கொடுக்கிறவர்கள் உண்டு. அவர்கள் கை வேலையைக் கவனிப்பது, பத்து விளம்பரம் பார்ப்பதைவிட மேல். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு மத்தியானம் பார்த்தது இது. நூற்றைம்பது சி.சி. வண்டி, டெலிவரி டி-ஷர்ட் போட்ட பையன். மாட்டிக்கொடுக்கும் அண்ணன் கிளாம்ப்பை நேராகக் குழாயில் வைக்கவில்லை. பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, குழாயைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினார். அதன் மேல் கிளாம்ப். ஆலன் கீயால் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார், ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை.

“தம்பி, ஹேண்டிலை லாக் வரைக்கும் திருப்புங்க.”

பையன் இடப்பக்கம் முழுக்கத் திருப்பினான். பாட்டிலின் அடிப்பாகம் டேங்க்கில் போய் மோதியது.

“பார்த்தீங்களா? இப்படியே விட்டிருந்தா டேங்க்ல சொட்டை விழுந்திருக்கும். யூ டர்ன் அடிக்கும்போது ஹேண்டில் திரும்பாம நின்னுடும்.”

“அப்ப வேணாமாண்ணே?”

“வேணும். ஒரு இன்ச் மேல தூக்கினாப் போதும்.”

தூக்கி மாட்டிய பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மறுபடியும் திருப்பச் சொன்னார். இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். கிளாம்ப் ஆக்ஸிலரேட்டர் கேபிளை அழுத்தியிருந்தாலோ இழுத்திருந்தாலோ, ஹேண்டில் திரும்பும்போது இன்ஜின் தானாக உறுமும். நடுரோட்டில் யூ டர்ன் எடுக்கையில் வண்டி தானாகப் பாய்ந்தால் கதை கந்தல். கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், ஒயர் கட்டு எதுவும் கிளாம்ப்புக்கு அடியில் சிக்கவில்லை என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வீட்டில் நீங்களே மாட்டினாலும் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஹேண்டிலை விட்டால் அடுத்தது லெக் கார்டு. புல்லட்காரர்களுக்கு இது பிடிக்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால், இன்ஜின் சூடு பக்கத்திலேயே. குளிர்ந்த தண்ணீர் சீக்கிரமே வெந்நீராகும். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராக அங்கேதான் வரும். வண்டி சாய்ந்தால் முதலில் தரையைத் தொடுவதும் அதுவே. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

பின்பக்கம் இருக்கவே இருக்கிறது சேலை கார்டு. பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் என மூன்றும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 123-வது விதி சொல்கிறது. பால் கேன் கட்டுபவர் முதல் இட்லி மாவு விற்பவர் வரை அந்தக் கம்பிச் சட்டத்தைத் தொங்கவிடும் கொக்கியாக்கி வைத்திருக்கிறார்கள். எடை கீழே இருப்பதால் ஹேண்டில் சுத்தமாக இருக்கும், ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. குறை என்னவென்றால், பாட்டில் விழுந்தால் நமக்குத் தெரியாது. துணிப்பை தொய்ந்து ஸ்போக்ஸில் சிக்காதபடி மேலேயும் கீழேயும் இரண்டு கட்டு போட வேண்டும்.

ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் இருக்கும் இடம் பெரிய ஏமாற்று. பாட்டில் விழாது, யாரும் எடுத்துப் போகவும் முடியாது. ஆனால், பெரும்பாலான பெட்ரோல் ஸ்கூட்டர்களில் அதற்கு நேர் கீழேதான் இன்ஜின். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எடுத்தால் காபித்தூள் போட்டுக் கலக்கலாம்.

குலுங்காத கூண்டு

இப்போது ஹோல்டருக்கு வரலாம். சந்தையில் பல பெயர்களில் இருந்தாலும், அடிப்படையில் கம்பியோ பிளாஸ்டிக்கோ ஆன கூண்டு, திறந்த வாய் கொண்ட வளையம், துணிப்பை என்று மூன்று வகைதான்.

கூண்டு வகை சைக்கிளிலிருந்து வந்தது. சைக்கிள் மிதிப்பவர் காலின் வேகத்தில் ஓடும் வாகனத்துக்குச் செய்த பொருள். மோட்டார் சைக்கிளின் குலுக்கல் வேறு ஜாதி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்றால், நொடிக்கு 50 அதிர்வு. ஒரு மணி நேரப் பயணத்தில் 1,80,000 தடவை அந்தக் கூண்டு உதறப்படுகிறது. கூண்டில் பாட்டில் தளர்வாக இருந்தால் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை. பாட்டிலின் பெயின்ட் உரியும், பிறகு கூண்டின் வெல்டிங் விடும், மூடி மரையும் மெல்ல மெல்லத் தானே அவிழும். கூண்டுதான் வேண்டும் என்றால் பாட்டிலைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், மாட்டி, தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பாருங்கள். விழவில்லை என்றால் வாங்கலாம். மேலே ஒரு ரப்பர் பட்டையும் போட்டுவிட வேண்டும்.

வளைய வகை, டம்ளரோ காபி கப்போ வைப்பதற்கு என்று விற்கப்படுவது. அமெரிக்காவில் பெரிய டூரிங் வண்டிகளுக்கு, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தானாக நேராகிக்கொள்ளும் கப் ஹோல்டர்கள்கூட உண்டு. வளைவில் வண்டி சாயும்போது கப்பில் இருப்பது கொட்டிவிடும் என்ற பயம்தான் இதற்கு மூலதனம். உண்மையில் வளைவில் கொட்டாது! வண்டி வளைவில் சாய்வதே, புவியீர்ப்பும் வளைவின் தள்ளலும் சேர்ந்த இழுப்பு நேராக டயர் வழியே இறங்குவதற்காகத்தான். வண்டிக்கு எது ‘கீழ்’ திசையோ, கப்பில் இருக்கும் தண்ணீருக்கும் அதுவே ‘கீழ்’. சீராக ஒரே வேகத்தில் வளைந்தால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தத் தண்ணீர் கப்பின் விளிம்புக்குச் சமமாகவே நிற்கும். பாப் ஹூவர் என்ற அமெரிக்க விமானி, விமானத்தையே பக்கவாட்டில் முழுச் சுற்று உருட்டிக்கொண்டு, ஒரு கையால் கிளாஸில் ஐஸ் டீ ஊற்றிக் காட்டியதும் இதே கணக்கில்தான்.

கொட்டவைப்பது சாய்வு அல்ல, பிரேக். அதற்கு அடுத்து பள்ளம், வேகத்தடை, இன்ஜின் அதிர்வு. நம் சாலையில் இந்த நான்கும் ஒரே தெருவில் கிடைத்துவிடும். திறந்த கப்பை வைக்கும் வளையத்துக்கு இங்கே வேலை இல்லை. சாலையோரம் நின்று குடிக்கும்போது கப்பை வைத்துக்கொள்ள என்றால் சரி, அதற்கு சீட்டே போதும்.

மிச்சம் இருப்பது துணிப்பை. அடியில் நுரை வைத்த, மேலே நாடா இழுத்துக் கட்டுகிற உருளைப் பை. வெல்க்ரோ பட்டைகளால் ஹேண்டிலிலும் நடுத்தண்டிலும் இரண்டு மூன்று இடத்தில் கட்டிக்கொள்ளலாம். பார்க்க அவ்வளவு ஸ்டைலாக இருக்காது. ஆனால், வேலைக்கு இதுதான். பாட்டிலின் தடிமன் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பை ஏற்றுக்கொள்ளும். நுரை அதிர்வை வாங்கிக்கொள்ளும். நாடாவை இழுத்துவிட்டால் பாட்டில் துள்ளாது. உடைவதற்கு ஒன்றும் இல்லை. குழாயின் விட்டம் 22-ஆ, 28-ஆ என்ற கவலையும் கிடையாது. மழையில் நனைந்தால் உலர நேரம் பிடிக்கும், ஒரு வருஷ வெயிலில் வெல்க்ரோ பிடிப்பை இழக்கும். அப்போது தையல்காரரிடம் கொடுத்துப் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தினமும் நகரத்துக்குள் ஓட்டுகிறவர் யார் கேட்டாலும் இதைத்தான் வாங்கச் சொல்வேன். சி.என்.சி. அலுமினியம் என்று பளபளக்கும் ஹோல்டர்களின் கிளாம்ப் உறுதியானதுதான், மறுக்கவில்லை. பாட்டில் உட்காரும் வளையம் உறுதியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் தாண்டிப் போகிறவர்களுக்கு ஹோல்டரே தேவையில்லை என்று நினைக்கிறேன். அவர்களுக்கு முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை இருக்கிறது. அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. 1989-ல் டெக்சாஸில், பெயரிலேயே நரக வெப்பத்தை வைத்திருக்கும் ஒரு நூறு மைல் சைக்கிள் போட்டி. அதில் ஓட்டிய மைக்கேல் ஐட்சன் என்பவர் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, அதை ஒரு நீளமான காலுறைக்குள் போட்டு, சட்டையின் முதுகில் செருகிக்கொண்டார். குழாயைத் தோள் வழியே முன்னால் கொண்டுவந்து, துணி மாட்டும் கிளிப் போட்டு மூடிவைத்தார். அதுவே பிறகு கேமல்பேக் என்ற கம்பெனியானது. முழு ஹெல்மெட் போட்டிருந்தாலும் தாடைக்கு அடியில் குழாயைச் செருகி ஒரு மிடறு குடிக்கலாம். எடை உடம்போடு போய்விடுவதால் வண்டிக்கு எந்தத் தொல்லையும் இல்லை. கழுவிக் காயவைக்கச் சோம்பல்பட்டால் மட்டும் உள்ளே பாசி பிடிக்கும்.

மற்ற எல்லாவற்றுக்கும், நிறுத்தித்தான் குடிக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 14 மீட்டர் போகிறது. மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்து மூட மூன்று நொடி என்று வைத்தாலும், 40 மீட்டருக்கு மேல் ஒற்றைக் கையில், தலையை அண்ணாந்தபடி ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

லாரிக்காரர்கள் கண்ட வழி

தண்ணீரைச் சுமந்தால் மட்டும் போதுமா, குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டாமா? பழைய லாரிகளிலும் ஜீப்புகளிலும் வெளிப்பக்கம் ஒரு கேன்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கும். ஐம்பது வயது தாண்டியவர்கள் பார்த்திருப்பார்கள். பையின் மேல்புறம் எப்போதும் லேசாகக் கசிந்து ஈரமாக இருக்கும். ஓட்டத்தின் காற்றில் அந்த ஈரம் காயும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப் போட்டால், வெறும் பத்து கிராம் ஈரம் காய்ந்தாலே, ஒரு லிட்டர் தண்ணீரை ஐந்து டிகிரிக்கு மேல் குளிரவைக்கும் அளவுக்கு வெப்பம் போகிறது. வெயிலும் அனல்காற்றும் அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்றாலும் லாபம் நம் பக்கம்தான்.

அதையே பைக்கில் செய்யலாம். பழைய பருத்தி சாக்ஸ் ஒன்றை நனைத்துப் பாட்டிலுக்கு மாட்டி, காற்றுபடும் கூண்டில் வைத்தால் போதும். துணிப்பை ஹோல்டர் தோற்றுப்போகும் ஒரே இடம் இதுதான். அதற்குள் காற்று போகாது. வேலூர், திருச்சி மாதிரி வறண்ட வெயிலில் இந்த வித்தை நன்றாக எடுபடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி காற்றே ஈரமாக இருக்கும் கடற்கரை ஊர்களில் பாதிகூடப் பலிக்காது. அங்கே இரட்டைச் சுவர் பிளாஸ்க் பாட்டில்தான் சரி. பிளாஸ்க்குக்கு ஈர சாக்ஸ் போட்டால் சாக்ஸ்தான் குளிரும்.

இரண்டு துளை கேட்கலாமா?

போலீஸ் பிடிப்பார்களா என்று சிலர் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு தடுப்பது, ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரங்களுக்கும் கம்பெனி சொன்ன அமைப்புக்கும் முரணாக வண்டியையே மாற்றுவதை. கழற்றி மாட்டும் பாட்டில் ஹோல்டர் அந்த ரகம் அல்ல. விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தப் பொருள் யாருக்கு அவசியமோ அவர்களைப் பற்றி அரசாங்கம் கொஞ்சமாவது யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. உணவு, பார்சல் டெலிவரி செய்யும் கிக் தொழிலாளர்களுக்கு 2023-ல் தனி நல வாரியம் அமைந்தது. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் அவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால், ஆர்டர் கையில் இருக்கும்போது ஓய்வறையைத் தேடிப் போக முடியாது. அந்த நேரத்துத் தண்ணீர் வண்டியில்தான் இருந்தாக வேண்டும். டி-ஷர்ட்டிலும் முதுகுப் பெட்டியிலும் பெயரை அச்சடிக்கும் கம்பெனிகள் ஒரு முப்பது ரூபாய்த் துணியில் பாட்டில் பை தைத்துக் கொடுத்தால் குறைந்தா போவார்கள்?

வண்டி செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் சின்னது. ஓசூரிலும் ஒரகடத்திலும் ஶ்ரீபெரும்புதூரிலும் இருசக்கர வாகனங்கள் லட்சக்கணக்கில் தயாராகின்றன. தயாராகும் ஊரிலேயே வெயில் என்ன என்று வாசலுக்கு வந்தால் தெரிந்துவிடும். பின்சீட்டுச் சேலைக்கு ஒரு கம்பிச் சட்டம் போட முடிகிறது, போனுக்கு சார்ஜர் கொடுக்க முடிகிறது. டேங்க்குக்கு முன்னால், நடுத்தண்டுக்குப் பக்கத்தில், 64 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு திருகுத் துளை போட்டுக் கொடுத்தால் மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும்.

அவர்கள் போட்டுக்கொடுக்கும்வரை கிளாம்ப்தான் கதி. மாட்டிய ஒரு வாரம் கழித்து எல்லா போல்ட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அது இயல்பு. ஆலன் கீயை டூல் கிட்டிலேயே போட்டு வைத்துக்கொண்டு ஒருமுறை இறுக்கிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் மெக்கானிக்கிடம் சொல்லி, செயினைப் பார்க்கும்போது அதையும் பார்க்கச் சொன்னால் போதும்.